பூட்டின் எடையும் உள்ளிருக்கும் லீவரும்: கணினி வேட விளையாட்டுகளின் ஒரு சின்ன வரலாறு

கணினி விளையாட்டைப் பற்றி 74 வயதுக்காரன் எழுதுகிறானே என்று இளைஞர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். பதிவேட்டில் எழுதியிருக்கும் இருப்பும் கிடங்கில் கிடக்கும் இருப்பும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஆர்.பி.ஜி. என்று பையன்கள் சொல்கிற விளையாட்டுகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, ஐம்பது வருஷமாக அங்கேயும் இந்தக் கணக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அட்டைப்பெட்டி ஒன்று சொல்லும், உள்ளே வேறொன்று இருக்கும். சில சமயம் பெட்டி ஒன்றுமே சொல்லாது, உள்ளே ஒரு கிணறே இருக்கும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆர்.பி.ஜி. என்பதை வேடம் கட்டி ஆடும் விளையாட்டு என்று சொல்லலாம். கூத்தில் ஒருவர் கர்ணன் வேடம் கட்டுகிற மாதிரி, இதில் ஆடுகிறவர் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ வேடம் எடுத்துக்கொள்கிறார். கூத்தில் கதை முன்பே தீர்மானமானது, கர்ணன் விடிவதற்குள் சாகத்தான் வேண்டும். இதில் யாரிடம் என்ன பேசுவது, யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது என்பதையெல்லாம் ஆடுகிறவரே முடிவு செய்யலாம் என்கிறார்கள். அந்த வாக்குறுதியை நம்பித்தான் ஜனங்கள் காசு கொடுக்கிறார்கள். வாக்குறுதி எவ்வளவு தூரம் நிஜம் என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம்.

அதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் வேலையில் இருந்த காலத்தில் நாகல் நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வயதான ஆசாரி ஒருவர் பூட்டு ராவிக்கொண்டிருப்பார். ஒரு தடவை இரண்டு மாங்காய்ப் பூட்டை என் கையில் கொடுத்து, எது நல்ல பூட்டு என்று கேட்டார். இரண்டும் ஒரே அளவு, ஒன்று கொஞ்சம் கனம் கூட. நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: "தூக்கிப் பாத்து வாங்குறவன் எடைக்குக் காசு குடுக்கிறான் சார். உள்ள எத்தன லீவர்னு கேக்குறவன்தான் பூட்டுக்குக் காசு குடுக்கிறான்."

லீவர் பூட்டின் சூட்சுமம் எளியதுதான். உள்ளே தகடு தகடாக லீவர்கள் அடுக்கியிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒன்று ஒரு நூல் கூடினாலோ குறைந்தாலோ திறக்காது. லீவர் கூடக் கூடக் கள்ளச்சாவிக்காரனுக்கு வேலை கஷ்டம். ஆனால் இதெல்லாம் உள்ளே இருப்பது. கடையில் தொங்கும்போது கண்ணுக்குத் தெரிவது பளபளப்பும் எடையும் மட்டும்தான்.

இனி விளையாட்டுக்கு வருவோம்.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். காகிதம், பென்சில், பகடை, நாலைந்து நண்பர்கள், இவ்வளவு இருந்தால் போதும். முதலில் அச்சடித்தது வெறும் 1,000 பிரதி. அடுத்த வருஷமே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்ற கணினி வலையமைப்பில் மாணவர்கள் இதைப் போல நிரல் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதில் ஒன்றின் பெயர் 'பெடிட்5'. பாடக் கோப்பு மாதிரி தோன்றட்டும் என்று வைத்த பெயர் அது. விளையாட்டு என்று நிர்வாகத்துக்குத் தெரிந்தால் அழித்துவிடுவார்கள். ஆக, இந்த வகை விளையாட்டுகள் கணினியில் பிறந்தபோது விளம்பரம் இல்லை என்பது மட்டுமில்லை, ஒளித்து வைக்க வேண்டிய நிலையும் இருந்தது.

பிறகு ரிச்சர்ட் கேரியட் என்ற டெக்சாஸ் பையன் வந்தான். தான் எழுதிய 'அகலபெத்' என்ற விளையாட்டை, வேலை பார்த்த கணினிக் கடையிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு விற்றான். 1981-இல் அவனுடைய 'அல்டிமா' வந்தது. 1983-இல் மூன்றாம் பாகம் வந்தபோது விளையாடியவர்களிடமிருந்தும் பெற்றோர்களிடமிருந்தும் கடிதங்கள் வந்தன. தன் விளையாட்டில் வீரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு ஊர்க்காரர்களைக் கொன்று கொள்ளையடிக்கிறார்கள் என்பதை அவன் கவனித்தான். அசுரனைக் கொன்றால் போதும், வழியில் என்ன அக்கிரமம் செய்தாலும் விளையாட்டு கேட்பதில்லை. அது அவனுக்கு உறுத்தியது.

அதற்குப் பதிலாக வந்ததுதான் 1985-இன் நான்காம் அல்டிமா. அதற்கு 'அவதாரைத் தேடி' என்று அவன் பெயர் வைத்தான். ஆம், நம்முடைய அவதாரம்தான். இந்து மரபிலிருந்து அந்தச் சொல்லை எடுத்ததாக அவனே சொல்லியிருக்கிறான். இன்று இணையத்தில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் 'அவதார்' படத்துக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்ததில் இந்த விளையாட்டுக்கும் பங்கு உண்டு. இதில் கடைசியில் கொல்வதற்கு ஒரு ராட்சசன் கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்று எட்டுக் குணங்களில் தேறி ஓர் அவதார புருஷனாக வேண்டும், அவ்வளவுதான்.

நான்காம் அல்டிமா இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. பேரன் என் மடிக்கணினியில் இறக்கிக் கொடுத்தான். ஒரு மாதம் விளையாடிப் பார்த்தேன். படங்கள் கோலப் புள்ளி மாதிரி இருக்கும். அதில் ஒரு கடை. மந்திரத்துக்கு வேண்டிய மூலிகை விற்பவள் பார்வையற்ற ஒரு பெண். நாம் பொருளை எடுத்துக்கொண்டு எவ்வளவு காசு கொடுக்கிறோம் என்பதை நாமேதான் தட்டச்ச வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், நன்றி சொல்லி அனுப்பிவிடுவாள். மணி அடிக்காது, திரையில் எச்சரிக்கை வராது. ஆனால் உள்ளே ஒரு கணக்குப் புத்தகத்தில் நேர்மை குறைந்துவிடும். அது தெரியாமல் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அரண்மனையில் இருக்கும் ஞானியிடம் போய்க் கேட்டால்தான் நம் நிலைமை தெரியும்.

தணிக்கைக்காரனான எனக்கு இதைவிட அழகான விஷயம் வேறெங்கும் தென்பட்டதில்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்து ஆடும் பரமபதத்தில் கூட, பாம்பு எங்கே இருக்கிறது என்று கட்டத்தில் தெரியும். இதில் பாம்பு கண்ணுக்கே தெரியாது. பெட்டியில் துணியில் அச்சிட்ட வரைபடமும் உலோகச் சின்னம் ஒன்றும் வைத்து விற்றார்கள், அதெல்லாம் கவர்ச்சிதான். ஆனால் மூலிகைக்காரியின் கடையை எந்த விளம்பரத்தில் போட முடியும்? போட்டால் அதன் பலனே போய்விடுமே. ஆழம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. முன்கூட்டிச் சொன்னால் கெட்டுப்போகிற சரக்கு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 1996-இல் வந்த 'டாகர்ஃபால்'. பெதஸ்டா என்ற அமெரிக்க நிறுவனம் செய்தது. இதன் உலகம் கிரேட் பிரிட்டன் அளவு பெரியது என்று விளம்பரம் செய்தார்கள். 15,000-க்கு மேல் ஊர்களும் குகைகளும், 7,50,000-க்கு மேல் மனிதர்கள் என்று எண்ணிக்கை கொடுத்தார்கள். பரப்பு ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் என்பார்கள். நம் தமிழ்நாடு மொத்தமே ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். எண்ணிக்கையில் பொய் இல்லை. ஆனால் இவ்வளவையும் மனிதக் கை செதுக்கவில்லை, கணினியே ஒரு சூத்திரத்தை வைத்து உருட்டித் தள்ளியது. ஓர் ஊருக்குப் போனால் அடுத்த ஊருக்கும் போன மாதிரிதான். குகைகள் குடல் மாதிரி முறுக்கிக்கொண்டு போகும், சில இடங்களில் தரையின் விரிசலில் விழுந்து ஒன்றுமில்லாத சூனியத்தில் மிதக்க வேண்டியிருக்கும் என்று அந்தக் காலத்தில் விளையாடியவர்கள் சொல்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டாகர்ஃபாலில் நிஜமான ஆழமும் இருந்தது. அதில் வங்கி இருக்கிறது, கடன் வாங்கலாம், தவணை தவறினால் அந்தப் பிரதேசத்தில் நம் பெயர் கெடும். ஒரு பிரதேசத்தில் கெட்ட பெயர் எடுத்தவன் இன்னொன்றில் நல்லவனாக உலவலாம். எங்கள் சங்கங்களில் நான் பார்த்த கடன்தாரர்களை அப்படியே எடுத்து வைத்த மாதிரி இருக்கும். ஆனால் ஊரே பேசியது பரப்பளவைப் பற்றித்தான். சதுர கிலோமீட்டரை ஒரு வரியில் அச்சடிக்கலாம், கெட்ட பெயர் மெல்லப் பரவுவதை ஒரு வரியில் அச்சடிக்க முடியாது. விளம்பரம் பொய் சொல்லும் இடங்கள் குறைவு. எண்ண முடிந்ததை மட்டும் எண்ணிக் காட்டிவிட்டு மற்றதை விட்டுவிடும் இடங்கள்தான் அதிகம்.

அதே நிறுவனம் 2002-இல் 'மாரோவிண்ட்' செய்தபோது ஒரே ஒரு தீவை எடுத்துக்கொண்டு, அதைக் கையால் செதுக்கினார்கள். பரப்பில் டாகர்ஃபாலின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. கதைக்கு அவசியமான ஆளையே ஆடுகிறவர் கொன்றுவிட்டால் அது தடுக்காது. விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கு, இல்லை நீயே கெடுத்த இந்த உலகத்தில் இரு என்று மட்டும் சொல்லும். இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தத் தீவின் சந்துகளைப் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள்.

இந்தக் காலகட்டத்தில்தான் விளையாட்டுகள் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தன. 2000-ஆம் ஆண்டு வாக்கில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றி பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. மணிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். மகன் அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அவனைத் தேடிப் போனால் ஐந்தாறு பையன்கள் ஒரே திரையை மொய்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவன் ஆட, மற்றவர்கள் யோசனை சொல்வார்கள். விளையாட்டு வருவது மார்க்கர் பேனாவில் பெயர் கிறுக்கிய நகல் சிடியில். அது முறையான வியாபாரம் இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. அந்தப் பையன்கள் யாரும் அட்டைப்பெட்டியையே பார்த்ததில்லை. விளம்பரத்தைப் படித்ததில்லை. எது நல்ல விளையாட்டு என்பதை ஆடிப் பார்த்து, வாய்ப்பேச்சில்தான் முடிவு செய்தார்கள். மூன்று நாளில் அலுத்ததை எடுத்து வைத்துவிடுவார்கள். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் பையன் தன் ஒரு மணி நேரக் காசை எதற்குச் செலவழிக்கிறான் என்பதுதான் அங்கே விமர்சனம்.

மேல்நாட்டுச் சந்தையில் அந்த வசதி இல்லை. 1999 டிசம்பரில் 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' என்ற விளையாட்டு வந்தது. பிளாக் ஐல் என்ற கூடம் செய்தது, கிரிஸ் அவெலோன் எழுதியது. நாயகனுக்குப் பெயர் கிடையாது. பிணவறையில் கண் விழிக்கிறான். செத்தாலும் சாக முடியாதவன், ஒவ்வொரு சாவிலும் ஞாபகம் அழிந்துவிடும். முந்தைய பிறவிகள் போல இருந்த தன் பழைய வாழ்க்கைகளில் யாருக்கெல்லாம் தீங்கு செய்தான் என்பது தெருத்தெருவாக அவனை எதிர்கொள்கிறது. ஊழ்வினை என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு இது புதிதாக இருக்காது, அமெரிக்கப் பையன்களுக்குப் புதிது. சண்டை போடாமல் பேசியே கடைசிக் கட்டத்தை முடிக்கவும் வழி உண்டு. அதன் வசனம் மட்டும் ஏறத்தாழ 8,00,000 சொற்கள் என்பார்கள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை சுமார்தான். 2003 டிசம்பரில் அந்தக் கூடத்தையே தாய் நிறுவனம் மூடிவிட்டது. காரணம் இந்த ஒரு விளையாட்டு மட்டும் இல்லை, தாய் நிறுவனமே கடனில் இருந்தது. ஆனாலும் ஆழமாகத் தோண்டியவர்களை அந்த ஆழம் காப்பாற்றவில்லை என்பது உண்மை.

பிறகு வந்தது வாய்ச்சொல் காலம். பீட்டர் மோலினூ என்ற ஆங்கிலேயர் 'ஃபேபிள்' என்ற விளையாட்டைச் செய்துகொண்டிருந்தபோது, அதில் ஒரு விதையை ஊன்றினால் வருஷங்கள் போகப் போக ஓக் மரமாக வளரும் என்று பேட்டி கொடுத்தார். 2004-இல் விளையாட்டு வந்தது, மரம் வரவில்லை. வராத அம்சங்களைப் பற்றிப் பேசியதற்காக அவரே பொதுவில் வருத்தம் தெரிவித்து எழுதினார். விளையாட்டு மோசமில்லை, நன்றாகவே விற்றது. ஆனால் இருபது வருஷம் கழித்தும் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது முளைக்காத அந்த விதைதான்.

2012-இல் 'மாஸ் எஃபெக்ட் 3'. மூன்று பாகம் முழுக்க ஆடுகிறவர் எடுத்த முடிவுகளெல்லாம் கடைசியில் வந்து சேரும் என்று ஐந்து வருஷம் சொல்லி வளர்த்தார்கள். கடைசியில் மூன்று தேர்வுகள், மூன்று வண்ண வெளிச்சங்கள், கிட்டத்தட்ட ஒரே காட்சி. ஆயிரக்கணக்கானோர் கொதித்துப் போனார்கள். சில மாதங்களில் நிறுவனம் முடிவுக் காட்சிகளை நீட்டி இலவசமாக வெளியிட வேண்டியதாயிற்று. அந்தக் கோபத்தைச் சில பத்திரிகைக்காரர்கள் சிறுபிள்ளைத்தனம் என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்து வருஷம் பேரேட்டில் பதிந்த தொகையெல்லாம் இருப்பு நிலைக் குறிப்பில் காணோம் என்றால் உறுப்பினர் கேட்கத்தான் செய்வார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 'சைபர்பங்க் 2077'. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2012-இல் அறிவித்தது. 2019-இல் ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸ் மேடையேறி அறிமுகம் செய்தார். 2020 டிசம்பர் 10 அன்று வெளிவருவதற்கு முன்பே 80 லட்சம் பேர் வாங்கிவிட்டதாக நிறுவனம் சொன்னது. வெளிவருவதற்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது உயர் ரகக் கணினியில் ஓடும் பதிப்பை மட்டும்தான், அதிலும் தாங்களே பதிவு செய்த காட்சிகளைக் காட்டக் கூடாது என்று நிபந்தனை வேறு. பழைய பிளேஸ்டேஷன் 4-இல் அது எப்படி ஓடும் என்பதை வாங்கியவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூன் வரை அங்கே அது விற்பனைக்கு இல்லை. அதற்கு முன்பே, ஜனவரியில், நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவர் காணொளியில் மன்னிப்புக் கேட்டார்.

இந்தக் கதையின் பின்பாதியையும் சொல்வதுதான் நியாயம். அவர்கள் ஓடிவிடவில்லை. மூன்று வருஷம் உட்கார்ந்து திருத்தினார்கள். 2023 செப்டம்பரில் பெரிய திருத்தப் பதிப்பும் துணைக்கதை ஒன்றும் வெளிவந்தபோது, திட்டியவர்களே பாராட்டினார்கள். உள்ளே நல்ல லீவர் இருந்திருக்கிறது, ராவி முடிக்கும் முன்பே கடையில் தொங்கவிட்டுவிட்டார்கள். ஆசாரியிடம் கேட்டிருந்தால் இதற்கு ஒரு வசவு வைத்திருப்பார்.

விளம்பரம் இருந்தாலே உள்ளே பொக்கை என்றும் சொல்லிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3', முடிவுகள் 17,000 விதமாக மாறும் என்று எண் கொடுத்து விற்றது. எண்ணைக் கேட்டதும் எனக்கு டாகர்ஃபால் ஞாபகம்தான் வந்தது. ஆனால் அது நிஜமாகவே ஆழமான விளையாட்டு என்று பேரன் முதல் பெரிய விமர்சகர்கள் வரை ஒரே குரல். அவர்கள் மூன்று வருஷம் முன்னதாகவே முதல் பகுதியைக் குறைகளோடு வெளியிட்டு, ஆடியவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொண்டே வந்தார்கள். அதாவது கிடங்கைத் திறந்து காட்டிவிட்டுப் பிறகு இருப்பு எழுதினார்கள். அடுத்த மாதமே வந்த 'ஸ்டார்ஃபீல்ட்' 1,000-க்கு மேல் கிரகங்கள் என்றது. கிரகங்கள் இருந்தன, பலவற்றில் போய் இறங்கினால் பாறையும் மணலும்தான் என்று பலரும் குறைப்பட்டார்கள். டாகர்ஃபாலைச் செய்த அதே பெதஸ்டாதான் இதையும் செய்தது என்பதைக் கவனியுங்கள்.

சிறியவற்றையும் சொல்ல வேண்டும். 2019-இல் எஸ்தோனியாக்காரர்கள் செய்த 'டிஸ்கோ எலிசியம்', ஒரு சிதிலமான துறைமுகப் பேட்டையைத் தாண்டுவதே இல்லை. வாள் வீச்சு கிடையாது. குடித்து நினைவிழந்த ஒரு போலீஸ்காரர் ஒரு கொலையை விசாரிக்கிறார். அவருடைய மூளைக்குள் 24 திறமைகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு பேசுகின்றன. அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸ் விழாவில் பரிந்துரைக்கப்பட்ட நான்கு விருதுகளையும் வாங்கியது.

நம் நாட்டிலும் ஒன்று உண்டு. 2014-இல் பைரோடாக்டைல் என்ற சின்ன இந்தியக் கூடம் 'அன்ரெஸ்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. முந்தைய வருஷம் பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டிச் செய்தது. பழங்கால இந்தியாவைப் போன்ற ஒரு கற்பனை நாடு, பீம்ரா என்ற நகரம், பஞ்சம். நாம் ஒரே வீரனாக இருப்பதில்லை. ஒரு அத்தியாயத்தில் விருப்பமில்லாத கல்யாணத்துக்கு நிச்சயம் செய்யப்பட்ட குடியானவப் பெண், இன்னொன்றில் இளவரசி, மற்றொன்றில் நாகர்களின் தூதர். எதிராளியோடு பேசும்போது நட்பு, மரியாதை, பயம் என்று மூன்று அளவுகள் ஏறி இறங்கும். கல்யாணம் பேசும் வீட்டில் ஒரு வார்த்தை பிசகினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாதா? அதை விளையாட்டாக்கியிருக்கிறார்கள். குறைகள் உண்டு, சீக்கிரம் முடிந்துவிடும். ஆனாலும் பஞ்சத்தில் ஓர் ஊர் எப்படிப் பேசும் என்பதை யோசித்துச் செய்த வேலை.

2023-இல் கனடாவின் டொரன்டோவிலிருந்து வந்த 'வெண்பா', ஆர்.பி.ஜி. ஆகாது, சமையல் விளையாட்டு. ஆனால் அதிலும் வேடம்தான். 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தாயாக ஆடுகிறோம். அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்து கறைபட்டுப் போயிருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும் என்று நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான். மகன் வளர வளரத் தமிழ் அவனைவிட்டு நழுவுவதை அதற்குள் காட்டிவிடுகிறார்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற என் வயதுக்காரர்கள் பார்த்தால் புரியும். அறிமுக விளையாட்டுக்கான 2024-இன் பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. சதுர கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் ஒரு அடுப்படி.

இதிலெல்லாம் என்ன இருக்கிறது, பிள்ளைகள் விளையாட்டுத்தானே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இரண்டு. ஒன்று, காசு. இன்று பெரிய விளையாட்டு ஒன்று மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரம் என்று விற்கிறது. எங்கள் மாவட்டத்தில் நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அது பல நாள் சம்பளம். வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்பே அதைக் கேட்கிறார்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நல்ல விதிதான். ஆனால் ஆழம் இரண்டு மணி நேரத்தில் தெரிகிற விஷயமில்லை. முதல் இரண்டு மணி நேரத்தை மட்டும் பளபளவென்று செய்துவிட்டால் யார் திருப்பிக் கேட்பார்?

இரண்டாவது, செய்கிறவர்கள். வாங்குகிறவன் எடையை மட்டும் பார்த்தால், லீவர் போடத் தெரிந்த ஆசாரிக்கு வேலை இருக்காது. திண்டுக்கல்லில் இது கண்ணெதிரே நடந்தது. வெளியூர் இயந்திரப் பூட்டு மலிவாகவும் மினுமினுப்பாகவும் வந்தபோது, எங்கள் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. புவிசார் குறியீடு வந்து சேர்ந்தபோது அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் சொற்பம். விளையாட்டுக் கூடங்களுக்கும் அதே கதிதான். எண்ணிக்கைக்குக் காசு கொடுத்துப் பழகிய சந்தையில், மூலிகைக்காரியின் கடையை யோசிக்கிறவனுக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள்?

பேரன் கோயம்புத்தூரில் படிக்கிறான். புது விளையாட்டு எதற்காவது முன்பணம் கட்டட்டுமா என்று கேட்டால் அவனிடம் நான் மூன்று கேள்வி கேட்பேன். அவர்கள் கொடுக்கும் எண், எதை எண்ணியது? நீ ஒரு தப்புச் செய்தால் அந்த உலகம் அதை ஞாபகம் வைத்திருக்குமா? வெளிவந்த பிறகு ஒரு மாதம் பொறுத்தால் உனக்கு என்ன நஷ்டம்? முதல் இரண்டுக்கு அவன் கூகுள் பார்த்துப் பதில் சொல்லிவிடுவான். மூன்றாவதற்கு மட்டும் இதுவரை பதில் வந்ததில்லை. "எல்லாரும் ஆடுவாங்க தாத்தா" என்பான். அதுவும் ஒரு பதில்தான். விளம்பரக்காரனுக்குத் தெரிந்திருப்பதும் அதுதான்.

இப்போது நம் இதிகாசங்களையும் புராணங்களையும் வைத்துப் பெரிய பெரிய விளையாட்டுகள் செய்யும் முயற்சி இந்தியாவில் நடக்கிறது. சந்தோஷம். முன்னோட்டக் காட்சிகளில் கோபுரங்கள் வானளாவ நிற்கும், வில்லும் கதாயுதமும் மின்னும். நான் பார்ப்பது அதை இல்லை. கவச குண்டலத்தைக் கேட்டு ஒருவன் வாசலில் வந்து நிற்கும்போது, கொடுக்கலாமா கூடாதா என்று ஆடுகிறவரைக் கேட்பார்களா? கேட்டுவிட்டு, கொடுத்தவன் கணக்கையும் கொடுக்காதவன் கணக்கையும் கடைசிவரை தனித்தனியே எழுதுவார்களா? அப்படி ஒன்று வந்தால், கோபுரம் குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, என் ஓய்வூதியத்திலேயே பேரனுக்கு வாங்கிக் கொடுத்துவிடுவேன். வெளிவந்து ஒரு மாதம் கழித்துத்தான்.